பஸ்ஸில் குமட்டுபவருக்கு எந்த விஆர் ஹெட்செட்?

சேலம் அஸ்தம்பட்டி வாசகர் ஒருவரின் கேள்வி: "என்னிடம் ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் லேப்டாப் இருக்கிறது. கார் ரேஸும் ‘ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்’ விளையாட்டும் விஆரில் (தலையில் மாட்டும் மெய்நிகர் திரையில்) ஆட ஆசை. கண்ணாடி போடுகிறேன், மைனஸ் பவர். மச்சான் அடுத்த மாதம் சிங்கப்பூரிலிருந்து வருகிறார். மெட்டா குவெஸ்ட் 3, குவெஸ்ட் 3எஸ், பிளேஸ்டேஷன் விஆர்2, இந்த மூன்றில் எதை வாங்கி வரச் சொல்லலாம்? ஏற்காடு பஸ்ஸில் ஏறினாலே எனக்குக் குமட்டும், அந்தப் பயமும் இருக்கிறது."

கடைசி வரியைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

ஏற்காடு பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் உங்கள் உள்காது ‘திரும்புகிறோம்’ என்று சொல்கிறது. கண்ணோ முன் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு ‘அப்படி ஒன்றும் இல்லையே’ என்கிறது. இந்தச் சண்டைதான் குமட்டல். விஆரில் இதே சண்டை தலைகீழாக நடக்கும். கண் முன்னே கார் சீறிக்கொண்டு திரும்பும், உடம்பு நாற்காலியில் அசையாமல் இருக்கும். பஸ்ஸில் குமட்டுகிற எல்லோருக்கும் விஆரில் குமட்டும் என்று சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்பு அதிகம். எந்த மாடலும் இதை முழுதாகத் தீர்க்காது. அதனால் மச்சானிடம் காசு கொடுப்பதற்கு முன்பு, தெரிந்தவர் யாரிடமாவது ஹெட்செட் இருந்தால் கால் மணி நேரம் போட்டுப் பாருங்கள். மால்களில் இருக்கும் ரோலர் கோஸ்டர் விஆரை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். வயிற்றைக் கலக்குவதற்கென்றே செய்த சாமான் அது.

சரி, ஹெட்செட்டுக்கு வருவோம். பிளேஸ்டேஷன் விஆர்2-வின் ஓஎல்இடி திரையில் இருட்டு இருட்டாகவே தெரியும். இரவு நேர ரேஸுக்கு அதை அடிக்க இந்த மூன்றில் ஆள் இல்லை. 2024 ஆகஸ்ட்டில் சோனி விட்ட அடாப்டர் மூலம் கணினியிலும் இணைக்கலாம். ஆனால் அந்த அடாப்டருக்கு டிஸ்பிளேபோர்ட் 1.4 என்ற திரை இணைப்பு வேண்டும், எச்டிஎம்ஐ வேலைக்கு ஆகாது. லேப்டாப்பைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் எச்டிஎம்ஐ மட்டும்தான் இருக்கும். சில லேப்டாப்களில் டைப்-சி வழியாக ஓடிவிடும், ஆனால் அதை நம்பி வாங்குவது சூதாட்டம். போதாததற்கு, கணினியில் இணைத்தால் அதன் கண் அசைவைப் பின்தொடரும் வசதியும் எச்டிஆரும் போய்விடும். வீட்டில் பிளேஸ்டேஷன் 5 இருந்திருந்தால் என் பதிலே வேறு. உங்களுக்கு இது வேண்டாம்.

மிச்சம் இரண்டு குவெஸ்ட். இரண்டிலும் ஒரே ஸ்னாப்டிராகன் சிப், ஒரே 8 ஜிபி மெமரி, எடையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே ஹெட்செட் மாதிரி தெரியும். வெளியானபோது அமெரிக்க விலை குவெஸ்ட் 3-க்கு 499 டாலர், 3எஸ்-க்கு 299 டாலர் என்று விலகியதற்கு முக்கியக் காரணம் லென்ஸ்.

3எஸ்-இல் இருப்பது ஃப்ரெனெல் லென்ஸ். பழைய கிராமபோன் தட்டு போல வட்ட வட்டமாகக் கோடு இருக்கும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் அந்தக் கோடுகளில் வெளிச்சம் பட்டுச் சிதறி வால் முளைத்தது போலத் தெரியும். நடுவில் தெளிவு, ஓரத்தில் மங்கல். குவெஸ்ட் 3-இன் பான்கேக் லென்ஸில் வெளிச்சம் உள்ளேயே முன்னும் பின்னும் மடங்கி வருவதால் லென்ஸ் மெலிது, ஓரம் வரை தெளிவு. கார் ரேஸில் இதன் அருமை தெரியும். பக்கக் கண்ணாடியைப் பார்க்கக் கண்ணை மட்டும் திருப்பினால் போதும். 3எஸ்-இல் தலையையே திருப்ப வேண்டும், உங்கள் வயிற்றுக்கு அது நல்லதல்ல. ஒரு கண்ணுக்கு 2064×2208 புள்ளிகள் எதிர் 1832×1920, பார்வைப் பரப்பு 110 டிகிரி எதிர் 96 என்று கணக்கும் குவெஸ்ட் 3 பக்கமே நிற்கிறது. ஆனாலும் இந்த எண்களைவிட லென்ஸுக்குத்தான் நான் காசு கொடுப்பேன்.

கண்ணாடிக் கடையில் உங்கள் பி.டி. அளவைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு கண்பாவைக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் அது. 3எஸ்-இல் லென்ஸ் 58, 63, 68 என மூன்று இடத்தில் மட்டுமே நிற்கும். உங்கள் அளவு 65 அல்லது 66 என்றால் இரண்டுங்கெட்டான், தலைவலி வரலாம். குவெஸ்ட் 3-இல் சக்கரத்தை உருட்டிச் சரியாக வைத்துக்கொள்ளலாம். மைனஸ் பவருக்குக் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டியிருக்கும், அப்போது கண்ணாடி உரசி ஹெட்செட் லென்ஸில் கீறல் விழலாம். பவர் லென்ஸை ஹெட்செட்டிலேயே மாட்டிக்கொள்ளும்படி தனியாகச் செய்து தருகிறார்கள். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

ஆகவே குவெஸ்ட் 3. கை கடிக்கிறது, பி.டி.யும் 63-ஐ ஒட்டி இருக்கிறது என்றால் 3எஸ் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

லேப்டாப்போடு இணைக்க நல்ல யுஎஸ்பி கேபிள் போதும். வயரில்லாமல் ஆட வேண்டுமானால் வைஃபை 6 ரவுட்டர் அதே அறையில் இருக்க வேண்டும், லேப்டாப்பை ரவுட்டரில் கேபிளால் செருக வேண்டும். ‘வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருக்கிறதே’ என்று பலரும் கேட்கிறார்கள். இந்தப் படம் லேப்டாப்பிலிருந்து தலைக்குப் போகிறது, இன்டர்நெட் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குவெஸ்ட் 3-இன் சார்ஜ் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் நிற்கும். தலைக்குப் பின்னால் ஒரு பவர் பேங்க்கைக் கட்டிக்கொண்டால் நேரமும் கூடும், முன்பாரமும் குறையும்.

அலிக்ஸை நின்று ஆட இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் காலி இடம் நல்லது. தரையை எல்லோரும் அளப்பார்கள், மேலே பார்க்க மாட்டார்கள். கையைத் தூக்கினால் சீலிங் ஃபேனில் இடிக்குமா என்று முதலிலேயே பாருங்கள். சேலத்துக் கோடையில் ஃபேனை நிறுத்தவும் முடியாது. டேபிள் ஃபேனை எதிரே வைத்தால் வியர்வை அடங்கும், முன்பக்கம் எது என்பதும் தெரியும், குமட்டலும் கொஞ்சம் தணியும். ஹெட்செட்டை வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள். லென்ஸ் பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்துச் சில நிமிடங்களில் திரையைப் பொசுக்கிவிடும். நான் ஒருமுறை ஜன்னலோரம் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது திரை நடுவே மஞ்சள் புள்ளி, இன்றைக்கும் இருக்கிறது. ஏற்காடு, நாகலூர் பக்கம் இருப்பவர்களுக்கு எதிரி வெயில் இல்லை, ஈரம். மழைக்காலத்தில் கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிப்பது போல இதிலும் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடி வைக்கலாம்.

மச்சானிடம் பில்லைப் பத்திரமாகக் கொண்டு வரச் சொல்லுங்கள். வாரன்டி இந்தியாவில் செல்லுமா என்று அங்கேயே கேட்கட்டும். வந்தபின் முதல் வாரம் ரேஸைத் தொடாதீர்கள். அலிக்ஸில் நடப்பதற்குப் பதிலாக இடம் விட்டு இடம் தாவும் அமைப்பு இருக்கிறது, அதிலேயே நாளுக்குப் பத்து நிமிடம் ஆடுங்கள். காது ஓரம் சூடாவது போல இருந்தால் உடனே கழற்றிவிடுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் அன்று இரவுச் சாப்பாடு இறங்காது.