தாளாளர் அறையிலிருந்து கோர்ட் வரை: தனியார் பள்ளி நிர்வாகச் சிக்கல்கள் - கேள்வி பதில்

தனியார் பள்ளி நிர்வாகங்களுக்காக வழக்கு நடத்தும் வழக்கறிஞர் நான். சில வழக்குகளில் ஆசிரியர் தரப்பிலும் நின்றிருக்கிறேன். வந்த கேள்விகளைச் சுருக்கி, ஊரும் பள்ளிப் பெயரும் தெரியாதபடி போட்டிருக்கிறேன்.

தாளாளர், மெட்ரிக் பள்ளி: வக்கீல் சார், எங்கள் கணித ஆசிரியை நவம்பரில் திடீரென நின்றுவிட்டார். நடுவில் போனால் மூன்று மாதச் சம்பளம் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறோம். ஒரிஜினல் சர்டிபிகேட்டும் எங்களிடம்தான் இருக்கிறது. பணம் கட்டினால்தான் தருவோம் என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. இன்றைக்கே திருப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கல்விச் சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல. கோர்ட்டுக்குப் போனால் முதல் நாளே உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும். ஒப்பந்தத் தொகை வேறு விஷயம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவுப்படி, எழுதிய தொகை முழுவதும் தானாகக் கிடைத்துவிடாது. அந்தத் தொகையை உச்சவரம்பாக வைத்து, நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் தரும். மாற்று ஆசிரியருக்கு என்ன கூடுதல் செலவு ஆனது என்று காட்ட உங்களிடம் காகிதம் இருக்கிறதா? இல்லையென்றால் வக்கீல் பீஸுக்குக்கூடக் கட்டாது.

முதல்வர், சி.பி.எஸ்.இ. பள்ளி: 6ஆம் வகுப்பு மாணவியின் அம்மா நேரில் வந்து, விளையாட்டு ஆசிரியர் தவறாகத் தொட்டதாகச் சொன்னார். "போலீஸ் வேண்டாம், பெண் பெயர் கெட்டுவிடும், அவரை அனுப்பினால் போதும்" என்கிறார். ஆசிரியரிடம் ராஜினாமா வாங்கிவிட்டோம். விஷயம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

இல்லை மேடம். இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். அம்மா வேண்டாம் என்றார் என்பது காரணமாகாது. சொல்லாமல் விட்டால் 6 மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் 21ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். ராஜினாமா வாங்கிய தேதியே, உங்களுக்கு விஷயம் தெரியும் என்பதற்குச் சாட்சி. அந்த ஆள் அடுத்த ஊரில் இன்னொரு பள்ளியில் சேர்ந்திருப்பார் என்பதையும் யோசியுங்கள்.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்.சி.சி. முகாமில் மாணவிகள் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான வழக்கு நினைவிருக்கும். முகாம் நடத்தியவர்களோடு பள்ளி முதல்வர் உள்ளிட்ட பள்ளித் தரப்பினரும் கைதானார்கள். மறைக்கப் பார்த்தார்கள் என்பதுதான் அவர்கள் மேல் குற்றச்சாட்டு.

இப்போது செய்ய வேண்டியது: அம்மா சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே தேதி, நேரத்தோடு எழுதுங்கள். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். தாமதத்தை மறைத்துத் தேதியை மாற்றி எழுத வேண்டாம். தாமதமாகச் சொன்னது ஒரு பிரச்சினை என்றால், தேதியைத் திருத்தியது இரண்டாவது வழக்கு. குழந்தையைக் கூப்பிட்டு, நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து "என்ன நடந்தது சொல்லு" என்று விசாரணை நடத்தாதீர்கள். பெற்றோர் வாட்ஸப் குழுவில் பெயர், வகுப்பு எதுவும் வரக் கூடாது.

அதே முதல்வர்: புகார் பொய்யாக இருந்தால் அந்த ஆசிரியர் எங்கள் மேல் கேஸ் போட மாட்டாரா?

நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் சிவில், கிரிமினல் எந்தப் பொறுப்பும் வராது என்று அதே 19ஆம் பிரிவே சொல்கிறது. உண்மையா பொய்யா என்று பார்ப்பது போலீசின் வேலை.

நிர்வாக அலுவலர்: பீஸ் பாக்கி 42,000 ரூபாய். டி.சி.யை (மாற்றுச் சான்றிதழை) நிறுத்தி வைத்தோம். சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸிலிருந்து மெமோ வந்திருக்கிறது.

வரத்தான் செய்யும். டி.சி. பீஸ் வசூலிக்கும் கருவி அல்ல என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாக்கி விவரத்தை டி.சி.யில் எழுதுவதும் கூடாது. டி.சி.யைக் கொடுத்துவிட்டு, பாக்கிக்கு நோட்டீஸ் விட்டு சிவில் கோர்ட்டில் கேளுங்கள். ஆனால் ஒன்று, கட்டண நிர்ணயக் குழு உங்கள் பள்ளிக்கு நிர்ணயித்ததைவிட அதிகம் வாங்கியிருந்தால், அந்த வழக்கு உங்கள் பக்கமே திரும்பும்.

ஆசிரியை: 11 வருடம் ஒரே பள்ளி. கடைசிச் சம்பளம் 18,000. ஒவ்வொரு ஏப்ரலிலும் ராஜினாமா எழுதி வாங்கி, ஜூனில் புதிதாகச் சேர்த்ததாகக் காட்டுவார்கள். விலகிய பிறகு கிராஜுவிட்டி (பணிக்கொடை) கேட்டால், ஆசிரியர்களுக்கு அது கிடையாது என்கிறார்கள்.

உண்டு. ஆசிரியர்களைச் சேர்த்து 2009இல் கிராஜுவிட்டி சட்டம் திருத்தப்பட்டது, 1997 ஏப்ரல் 3 முதல் பொருந்தும்படி. தனியார் பள்ளிகள் எதிர்த்துப் போய், 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றுவிட்டன. கணக்கு: 18,000 முழுவதும் அடிப்படையும் பஞ்சப்படியும் என்றால், அதை 26ஆல் வகுத்து, 15ஆலும் 11ஆலும் பெருக்குங்கள், சுமார் 1,14,231 ரூபாய். அந்த ஏப்ரல் ராஜினாமா நாடகம் பல பள்ளிகளில் நடக்கிறது. கோடை விடுமுறையை வைத்துச் செயற்கையாக உண்டாக்கிய இடைவெளி அது. வருகைப் பதிவு, பேங்க் ஸ்டேட்மென்ட், பி.எப். கணக்கு இருந்தால் தொடர் பணியை நிரூபிக்கலாம். தொழிலாளர் துறையில் கிராஜுவிட்டிக்கான அதிகாரியிடம் மனு கொடுங்கள். இதைப் படிக்கும் தாளாளர்களுக்கு: வருடா வருடம் ஒதுக்கி வையுங்கள், ஒரே நேரத்தில் ஐந்து பேர் கேட்டால் தாங்காது.

செயலாளர், அறக்கட்டளை: வேன் டிரைவர் ஒருவரையும் ஆசிரியர் ஒருவரையும் நீக்க வேண்டும். இருவருக்கும் ஒரே மாதிரி ஆர்டர் போடலாமா?

வேண்டாம். அன்றைய தொழில் தகராறு சட்டப்படி ஆசிரியர் 'தொழிலாளர்' ஆக மாட்டார் என்று 1988இல் சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. டிரைவர், அட்டெண்டர், கிளார்க் அப்படியல்ல. அவர்கள் தொழிலாளர் நீதிமன்றம் போவார்கள். ஆனால் ஒழுங்கீனத்துக்காக நீக்குகிறீர்கள் என்றால் இருவருக்கும் குற்றச்சாட்டு மெமோ, பதில் சொல்ல அவகாசம், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பு எல்லாம் வேண்டும். புகார் கொடுத்தவரையே விசாரணை அதிகாரியாகப் போடாதீர்கள். தகுதிகாண் பருவத்தில் இருப்பவர்தானே என்று ஆர்டரில் "ஒழுக்கக்கேடு" என்று ஒரு வார்த்தை எழுதினாலும் போச்சு, முழு விசாரணை ஏன் இல்லை என்று கேட்பார்கள்.

நர்சரி பள்ளி உரிமையாளர்: மொத்தம் 14 பேர், எல்லாரும் பெண்கள். பாலியல் புகார்க் கமிட்டி எங்களுக்குமா?

ஆமாம். 10 பேர் இருந்தாலே, பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு வேண்டும். இல்லாவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். புகார் உங்கள் கணவர் மேல்கூட வரலாம், அவர்தானே கணக்குப் பார்க்கிறார்? வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் கட்டாயம். அதற்கு உறவினரைப் போடாதீர்கள்.

முதல்வர்: சுற்றுலாவுக்கு "எது நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல" என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்குகிறோம். போதுமா?

அலட்சியத்தால் விபத்து நடந்தால் அந்தக் காகிதம் உங்களைக் காப்பாற்றாது. பெற்றோர் கையெழுத்து, குழந்தை இழப்பீடு கேட்கும் உரிமையை அழிக்காது. சம்மதக் கடிதம் வாங்குங்கள், ஆனால் அதில் போகும் இடம், திரும்பும் நேரம், குழந்தையின் மருந்து, ஒவ்வாமை, அவசர போன் நம்பர் இருக்கட்டும். பேருந்தின் தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், டிரைவர் லைசென்ஸ் நகல்கள் கிளம்பும் முன்பே பைலில் இருக்க வேண்டும். 2012இல் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகளே வந்தன. நீர்நிலை இருக்கும் இடம் என்றால், என்னைக் கேட்டால் போகவே வேண்டாம்.