அதே இடம், அதே மாதம், அதே கண்மட்டம்

அன்புள்ள ஐயா,

கீழக்கரையில் வசிக்கிறேன். நீர்வண்ணத்தில் நிலக்காட்சிகள் வரைகிறேன். தாமஸ் மோரனின் ஒரே ஓர் ஓவியம் அமெரிக்க நாடாளுமன்றத்தை அசைத்து யெல்லோஸ்டோனைத் தேசியப் பூங்கா ஆக்கியது என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். எங்கள் கரையும் எதிரே இருக்கும் தீவுகளும் கண்முன்னே மாறிக்கொண்டு வருகின்றன. நான் வரைந்து என்ன ஆகப்போகிறது என்று சோர்வாக இருக்கிறது. இயற்கையைக் காக்க ஓவியரால் உண்மையிலேயே ஏதாவது செய்ய முடியுமா? முடியுமென்றால் எங்கிருந்து தொடங்குவது?

— ஒரு வாசகர், கீழக்கரை

அன்புள்ள நண்பருக்கு,

முடியும். ஆனால் மோரன் கதையை முதலில் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது உலவும் வடிவத்தில் அது உங்களைச் சோர்வடையத்தான் செய்யும்.

மோரன் 1837-இல் இங்கிலாந்தின் போல்டனில் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்கா போய், பிலடெல்பியாவில் மரச்செதுக்குப் பட்டறையில் தொழில் பழகினார். யெல்லோஸ்டோன் பற்றி வேறொருவர் எழுதிய பத்திரிகைக் கட்டுரைக்கு, அந்த இடத்தைப் பார்க்காமலேயே படம் போட வேண்டி வந்தது. பிறகு கடன் வாங்கிக்கொண்டு 1871 கோடையில் புவியியலாளர் ஹேடனின் நில ஆய்வுக் குழுவோடு நேரில் கிளம்பினார். குதிரை ஏறிப் பழக்கமில்லாததால் சேணத்தின் மேல் தலையணை போட்டுக்கொண்டு போனார். பூங்காச் சட்டத்தில் ஜனாதிபதி கிராண்ட் 1872 மார்ச் 1 அன்று கையெழுத்திட்டார். எல்லோரும் சொல்லும் அந்தப் பெரிய எண்ணெய் ஓவியம், 7 அடி உயரமும் 12 அடி அகலமும் உள்ளது, அன்றைக்கு முடிந்திருக்கவே இல்லை. சட்டம் வந்த பிறகுதான் முடித்தார். அதன் பிறகு நாடாளுமன்றம் அதை 10,000 டாலருக்கு வாங்கியது.

சட்டத்துக்கு முன் உறுப்பினர்கள் பார்த்தவை சின்னச் சின்ன நீர்வண்ணத் தாள்களும், உடன் போயிருந்த ஜாக்சனின் புகைப்படங்களும்தான். பாறை மஞ்சளாக இருக்கிறது, ஊற்று நீலமாகக் கொதிக்கிறது என்று சொன்னால் நம்பாதவர்களுக்கு நிறத்தை மோரன் காட்டினார். அவர் கற்பனையாகப் போட்டிருப்பார் என்று சந்தேகித்தவர்களுக்கு உருவத்தைப் புகைப்படம் காட்டியது. ஒன்றுக்கு ஒன்று சாட்சி. அந்த ஆதாரத்தைத் தயாரித்தது குதிரைப் பயணத்தின் இடையில், ஓரத்தில் நிறக்குறிப்புகளை எழுதிக்கொண்டே போட்ட கோட்டோவியங்கள். உங்களுக்குப் பயன்படப் போகும் மோரன் அவர்தான்.

இன்னும் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விடக்கூடாது. சட்டம் வந்த பிறகும் பூங்காவில் வேட்டை நிற்கவில்லை. 1886-இல் ராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. வேட்டைக்காரர்களைத் தண்டிக்கும் சட்டம் 1894-இல்தான் வந்தது. அடுத்தது, அங்கே தலைமுறைகளாகப் புழங்கிய ஷோஷோனி, பேனக் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெரிய ஓவியத்தில் சில சின்ன உருவங்கள் தவிர அந்த நிலம் ஆளில்லாத நிலமாகவே தெரிகிறது. அப்படி ஒரு படத்தைப் பார்ப்பவருக்கு அங்கே யாரும் வாழ்ந்தார்கள் என்ற எண்ணமே வராது.

உங்கள் கரைக்கு வருவோம். ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவில் வந்துவிட்டன. 1989-இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. 2025-இல் தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கென்று சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். ஆக, அறிவிப்பு வாங்கித் தரும் ஓவியர் அங்கே இனித் தேவையில்லை. அறிவித்த பிறகு கரைக்கு என்ன ஆகிறது என்று ஆண்டுக்கணக்கில் பார்த்துக் குறித்து வைப்பவர் தேவை. பூவரசன்பட்டித் தீவும் விலாங்குச்சல்லித் தீவும் நீரில் மூழ்கிப் போனவை. பவளப்பாறையை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியமான காரணம். ஒரு தீவு ஒரே நாளில் மூழ்குவதில்லை. மணல் ஒதுங்கும் முனை முதலில் தேயும், பிறகு ஒரு பக்கத்து மரங்கள் சாயும், பிறகு நடுவில் தண்ணீர் ஏறும். ஒரே இடத்தில் உட்கார்ந்து ஆண்டுக்கு நான்கு முறை வரைந்தால் இந்த வரிசை தாளில் தெரியும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். பனைமரத்தையோ மணல்மேட்டையோ அடையாளமாக வைக்காதீர்கள். மரம் விழும், மேடு நகரும். கலங்கரை விளக்கம், பள்ளிவாசல் மினாரா, பாலத்தூண் போன்றவை நிற்கும். கடலில் போகும்போது மீனவர்கள் கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒன்றின் பின் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, கடலடிப் பாறைத்திட்டான 'பார்' இருக்கும் இடத்தைப் பிடிப்பார்கள். அதையே கரையில் செய்யுங்கள். இரண்டு அடையாளங்கள் ஒரே கோட்டில் வரும் இடத்தில் நில்லுங்கள். பக்கவாட்டில் இன்னும் இரண்டு ஒரே கோட்டில் வந்தால் நிற்கும் இடம் ஓர் அடிக்குள் உறுதியாகிவிடும். கைபேசியின் இருப்பிடக் குறிப்பு சில மீட்டர் தள்ளிக் காட்டும். அதை மட்டும் நம்ப முடியாது.

இனி கண்மட்டம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கடல்மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருந்தால் அடிவானம் சுமார் 4.4 கிலோமீட்டரில் இருக்கும். முக்காலியில் உட்கார்ந்து கண் 1.1 மீட்டருக்கு இறங்கினால் 3.7 கிலோமீட்டருக்கு வந்துவிடும். எட்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள தீவின் அடிப்பகுதி பூமியின் வளைவில் மறையும். நின்று பார்த்தால் ஏறத்தாழ ஒரு மீட்டர் மறையும், உட்கார்ந்தால் 1.4 மீட்டர். தட்டையான தீவின் மணற்கரை மொத்தமும் அந்த உயரத்துக்குள் அடங்கிவிடும். போன வருஷம் நின்றுகொண்டும் இந்த வருஷம் உட்கார்ந்தும் வரைந்தவர், "மணல் போய்விட்டது, மரம் மட்டும் மிதக்கிறது" என்று எழுதுவார். தீவு அங்கேயே இருக்கும். ஆகவே நிற்பதென்றால் எப்போதும் நின்றே வரையுங்கள். கானல் எழுந்து தீவின் முனைகள் தண்ணீருக்கு மேலே தூக்கித் தெரியும் நாளில் அளவு எடுக்கவே வேண்டாம்.

அளவுக்கு ஓர் எளிய சட்டகம் போதும். கெட்டி அட்டையில் 20 சென்டிமீட்டர் அகலம், 15 உயரத்துக்கு ஜன்னல் வெட்டி, ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கறுப்பு நூல் இழுத்துக் கட்டுங்கள். அட்டையிலிருந்து 40 சென்டிமீட்டரில் முடிச்சு வருகிற மாதிரி ஒரு கயிறு. முடிச்சைப் பல்லில் கடித்து, கயிறு விறைப்பாக இருக்கும்படி அட்டையைப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். 40-க்கு 30 தாளில் அதே கட்டங்களைப் பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டால், எட்டு கிலோமீட்டரில் உள்ள ஒரு கிலோமீட்டர் நீளத் தீவு தாளில் 10 சென்டிமீட்டர் வரும். தீவு 50 மீட்டர் தேய்ந்தால் தாளில் ஐந்து மில்லிமீட்டர் குறையும். அரை மில்லிமீட்டர் பென்சில் கோடு ஐந்து மீட்டர் மணலுக்குச் சமம். வெளிக்கோட்டை வண்ணத்தூரிகையால் போடக்கூடாது என்று சொல்வது இதனால்தான். கயிற்று நீளத்தைக் கோடைக்கும் மழைக்கும் ஒருமுறை அளந்து பாருங்கள், பருத்திக் கயிறு ஈரத்தில் மாறும். அதே நிலையில் ஒரு புகைப்படமும் எடுங்கள், அகலக் கோண லென்ஸ் வேண்டாம்.

வற்றமும் ஏற்றமும் அங்கே ஒரு மீட்டருக்குள்தான் என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். ஐம்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவான கரையில் அரை மீட்டர் நீர்மட்ட மாற்றம் நீர்விளிம்பை 25 மீட்டர் நகர்த்திவிடும். அமாவாசை, பௌர்ணமி கணக்கு வைத்து ஒரே நிலையில் வரையுங்கள். காற்றும் அப்படித்தான். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்து மணலையும் வாடை (வடகிழக்குக் காற்று) காலத்து மணலையும் ஒப்பிட்டால் தப்பான முடிவுக்கே வருவீர்கள். தை மாதப் படத்தைத் தை மாதப் படத்தோடுதான் பக்கத்தில் வைக்க வேண்டும்.

வண்ணத்தில் உப்புதான் பகை. ஈரமான வண்ணப்பூச்சின் மேல் உப்புத் தூவானம் விழுந்தால், அந்தத் துகள் சுற்றியுள்ள நீரை இழுத்து, நட்சத்திரம் போல வெளிர்ப்புள்ளி விடும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த வருஷம் பார்ப்பவர் அதை மணல்திட்டு என்றோ பறவை என்றோ எடுத்துக்கொள்வார். காற்றுக்கு முதுகைக் காட்டிப் பலகையைச் சாய்த்துப் பிடியுங்கள். கடல்நீரில் தூரிகையை நனைக்கவே கூடாது. உப்பேறிய தாள் முழுதாகக் காயாது, மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாள் போதும். கழுவிய நீரை வீட்டுக்குக் கொண்டுவந்து ஆறவிட்டு, அடியில் தங்கியதைத் துணியில் துடைத்துக் குப்பையில் போடுங்கள். காட்மியமும் கோபால்ட்டும் அதில் இருக்கலாம். கடற்புல் மேட்டுக்குப் பக்கத்தில் நின்று அதைக் கொட்டுபவர் பாதுகாப்பைப் பற்றிப் பேசத் தகுதியில்லாதவர்.

வண்ணக் குழாயின் பின்புறம் உள்ள நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். பி.ஆர். 83 என்றிருக்கும் அலிசரின் சிவப்பு வெளிச்சத்தில் வெளிறும், பி.வி. 19 நிற்கும். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் அன்று பயன்படுத்திய நிறங்களைச் சின்னக் கட்டங்களாகப் பூசி, குறியீடு, தேதி, மணி, வற்றம், காற்று எல்லாவற்றையும் பென்சிலில் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா மை ஊறிவிடும்.

தாவரத்தைப் பச்சைப் பூச்சாகக் கடந்துபோகாதீர்கள். நீருக்கு நெருக்கமாக அடம்பங்கொடி, அதற்கு மேல் ராவணன் மீசை, பின்னால் தாழை, பனை. குடைபோல் தட்டையாக விரிந்த தலை உடைமரம். பல தண்டாகக் கிளம்பி நுனி தொங்கினால் சீமைக்கருவேலம். சித்திரை வெயிலிலும் பச்சை மாறாமல் நிற்கும் திட்டு பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அந்தத் திட்டு எந்தக் கட்டத்தில் தொடங்கி எந்தக் கட்டத்தில் முடிகிறது என்பதை வருஷா வருஷம் குறித்தால் அதுவே பெரிய ஆவணம். ராவணன் மீசையும் அடம்பும்தான் மணலைப் பிடித்து வைப்பவை. அவை விட்டுப்போன இடத்தில் அடுத்த வாடைக்கு மேடு கரையும்.

நைலான் வலைக் குவியல், பிளாஸ்டிக், இறால் பண்ணைக் கரை எல்லாம் காட்சியைக் கெடுக்கின்றன என்று விட்டுவிடும் பழக்கம் நம் ஓவியர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. அவற்றையும் போடுங்கள். ஆட்களையும் போடுங்கள். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மரிக்கொழுந்துப் பாசி எடுக்க இறங்கும் பெண்கள் அந்தக் கடலை உங்களைவிட அருகில் பார்ப்பவர்கள். எந்தப் பக்கம் பாசி குறைந்தது என்று அவர்கள் சொல்வதைத் தாளின் பின்புறம் அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். பெயர் வேண்டாம். தீவில் இறங்குவதற்கு உள்ள கட்டுப்பாட்டால் அவர்களுக்குத்தான் பிழைப்புச் சிக்கல். அவர்களை அழித்துவிட்டு வரையும் படம் அவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

தீவுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். வரைவதற்கென்று செத்த பவளத்துண்டைக்கூட எடுக்காதீர்கள். 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பூநாரைகளைத் தொலைநோக்கியில் பாருங்கள். கழுத்தை நிமிர்த்தி ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். பின்வாங்கி, அவை தலையைக் குனிந்து மேயத் தொடங்கும்வரை காத்திருங்கள்.

தாள்களை அமிலமில்லாத உறையில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். ராமபாணப் பூச்சி தாளைத் தின்னும், ஓரத்து எழுத்தும் போய்விடும். ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து ஒரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள். கரையோரத் திட்டம் ஏதாவது வந்து பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்தால், குறைந்தது 30 நாள் அவகாசம் உண்டு. எழுத்து மூலமும் கருத்து தரலாம். இரண்டு வருஷத் தை மாதப் படங்களை ஒரே தாளில் மேலும் கீழுமாக வைத்து, அவற்றோடு புகைப்படங்களையும் இணைத்து, நின்ற இடம், கண்மட்டம், கயிற்று நீளம் எழுதிக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.