சைக்கிளும் ஜெபமும்: நெடுந்தூர ஓட்டத்துக்குத் தயாராகிறவர்களின் கேள்வி பதில்

200, 300, 400, 600 கி.மீ. என்று பிரெவே ஓட்டங்களுக்கு, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டங்களுக்குத் தயாராகும் விசுவாசிகள் சிலர் கேட்ட கேள்விகள் இவை. நான் பாஸ்டரும் இல்லை, டாக்டரும் இல்லை. நெடுந்தூரம் ஓட்டுகிறவன், ஜெபக்குழு ஒன்றை நடத்துகிறவன். அந்த அளவில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, முதல்முறையா 600 கி.மீ. பிரெவேக்குப் பேர் கொடுத்திருக்கேன். இதுவரைக்கும் ஒரே நாள்ல அதிகபட்சம் ஓட்டினது 120. "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு"ன்னு ஹேண்டில்பார்ல ஒட்டியிருக்கேன். விசுவாசம் இருந்தா போதும், கர்த்தர் முடிக்க வைப்பார்னு கூட இருக்கிறவங்க சொல்றாங்க. சரிதானே?

பதில்: தம்பி, ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டாம். அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து ஒட்டிக்கொள்ளுங்கள். பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது காவலில் இருக்கிறார். சாப்பாடு இருந்தாலும் பட்டினி கிடந்தாலும், நிறைவாக இருந்தாலும் குறைவாக இருந்தாலும் எல்லாவற்றிலும் நிலையாக இருக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறார். அதற்குத்தான் அந்தப் பெலன். பயிற்சி இல்லாத தொடைக்கு அவசர பெட்ரோல் ஊற்றுவதாக அவர் சொல்லவில்லை.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்ன பிசாசும் வசனம் காட்டித்தான் சொன்னான். கர்த்தரைப் பரீட்சை பாராதே என்பதுதான் இயேசு கொடுத்த பதில்.

நெகேமியா 4:9-ஐ எடுத்துப் பாருங்கள். மதில் கட்டுகிறார்கள், எதிரிகள் வருகிறார்கள். தேவனை நோக்கி ஜெபம்பண்ணினோம், இரவும் பகலும் ஜாமக்காரரையும் வைத்தோம் என்று ஒரே மூச்சில் எழுதுகிறார். ஜெபித்ததால் காவல் வேண்டாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. காவல் இருக்கிறதே, ஜெபம் எதற்கு என்றும் தோன்றவில்லை.

நேரக் கணக்கைப் பாருங்கள். 200 கி.மீ.க்கு பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. இந்த வரிசையில் ஏறினால்தான் இரவு ஓட்டம், தூக்கமின்மை, வயிற்றுக் கோளாறு எல்லாம் ஒவ்வொன்றாகப் பழகும். 120-லிருந்து 600-க்குத் தாவுவது விசுவாசம் இல்லை, அவசரம். இந்த முறை 200-க்குப் பேரை மாற்றுங்கள். கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்கிறவனைப் பற்றிச் சொன்னவரும் இயேசுதான்.

கேள்வி: ஓட்டும்போது ஜெபிக்க ஆசை, பிரதர். ஆனா பத்து நிமிஷத்துல மனசு எங்கேயோ போயிடுது. கண்ணை மூடவும் முடியாது. எப்படித்தான் ஜெபிக்கிறது?

பதில்: சிஸ்டர், முதலில் கண் விஷயம். யோவான் 17-இல் இயேசு தம் கண்களை வானத்துக்கு ஏறெடுத்து ஜெபிக்கிறார். கண் திறந்து ஜெபித்தால் கேட்கப்படாது என்று எங்கும் இல்லை. நீங்கள் வானத்தையும் பார்க்க வேண்டாம், சாலையைப் பாருங்கள்.

நீளமான ஜெபத்தை சைக்கிளில் முயலாதீர்கள். அது வீட்டுக்கு. சீட்டின்மேல் இருக்கும்போது மூச்சோடு ஒட்டுகிற சின்ன ஜெபம்தான் நிற்கும். "கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவே" என்று மூச்சை இழுங்கள், "என்மேல் இரங்கும்" என்று விடுங்கள். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் துறவிகள் பல நூற்றாண்டுகளாகச் சொல்லிவரும் ஜெபத்தின் சுருக்கம் இது. இதில் ஒரு லாபமும் உண்டு. சமதளத்தில் இந்த ஒரு வாக்கியத்தைச் சத்தமாக முழுசாகச் சொல்ல மூச்சு பத்தவில்லையென்றால், நீங்கள் தேவைக்கு மேல் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். பயிற்சியாளர்கள் பேசிப் பார்க்கச் சொல்கிற அதே சோதனைதான். 600 கி.மீ. ஓட வேண்டியவர் முதல் 100-இல் திணறக்கூடாது. ஏற்றத்தில் "இயேசுவே" என்ற ஒரு சொல் போதும்.

கத்தோலிக்கர்கள் செபமாலையை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு மணி உருட்ட வேண்டாம், சக்கரத்தில் சிக்கும். பத்து விரல் இருக்கிறது, செபமாலையின் பத்து மணிகளுக்குச் சரியாக. இடது சுண்டுவிரலில் தொடங்கி, "அருள் நிறைந்த மரியே" ஒன்றுக்கு ஒரு விரலை ஹேண்டில்பார் டேப்பில் லேசாக அழுத்திக்கொண்டே வலது சுண்டுவிரல் வரை போங்கள். கை பிடியை விட்டு அகலாது.

மற்றவர்களுக்காக மன்றாட வேண்டுமென்றால் ஒரு துண்டு டேப்பில் பெயர்களை எழுதி டாப் ட்யூபில் (சைக்கிள் சட்டத்தின் மேல்குழாயில்) ஒட்டுங்கள். 20 கி.மீ.க்கு ஒரு பெயர். மனசு ஓடிப்போனால் கண் தானாக அந்த டேப்புக்கு வரும்.

இறக்கத்திலும் சந்திப்புகளிலும் லாரிகளுக்கு நடுவிலும் இதெல்லாம் வேண்டாம். கவனம் முழுக்க சாலையில் இருக்கட்டும். ராஜா கேட்ட கேள்விக்கும் தான் சொன்ன பதிலுக்கும் நடுவில் ஒரு கணம் ஜெபித்துவிட்டுப் பேசினாரே அதே நெகேமியா, அந்த அளவு போதும்.

கேள்வி: இயர்போனில் துதிப்பாட்டு கேட்டுக்கொண்டே ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். பின்னால் வரும் வண்டி காதில் விழ வேண்டும். நீங்களே பாடுங்கள்.

கேள்வி: எங்க சைக்கிள் குழு ஞாயிற்றுக்கிழமை காலையிலதான் லாங் ரைடு போகும். போனா ஆராதனை போச்சு. போகலேன்னா பயிற்சி போச்சு. என் கணவர் வேற, "சைக்கிள்தான் உனக்கு விக்கிரகம்"னு குத்திக்காட்டுறார்.

பதில்: ஓட்ட நாள் ஒன்று ஞாயிறில் வருவது வேறு, பயிற்சிக்காக ஆறு மாதம் ஞாயிறுதோறும் சபைக்குப் போகாமல் இருப்பது வேறு. முதலாவதைப் பற்றி நான் யாரையும் குற்றப்படுத்த மாட்டேன். ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்று மாற்கு 2-இல் இருக்கிறது. இரண்டாவதில் உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, சிஸ்டர். சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்று எபிரெயர் 10 சொல்வது ஒரு நாளைப் பற்றி அல்ல, பழக்கத்தைப் பற்றி.

இந்தக் கேள்வி வந்தால் ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிட்டெல் பெயரை இழுக்காதவர் இல்லை. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச்சுற்று ஞாயிறு என்பதால் ஓடவில்லை, 400 மீட்டரில் 47.6 விநாடியில் தங்கம் வாங்கினார். பிரசங்கங்களில் விட்டுப்போகிற பகுதி ஒன்று உண்டு. ஞாயிறு விஷயம் அவருக்குப் பல மாதம் முன்பே தெரியும். உடனே முடிவெடுத்து, 400-க்கு ஊன்றிப் பயிற்சி செய்தார். கடைசி நேரத்தில் கண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கவில்லை. நீங்களும் இன்றைக்கே அட்டவணையைப் பிரியுங்கள். நீண்ட ஓட்டம் சனிக்கிழமை, ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் மெதுவான ஓட்டம். குழுவில் உங்களைப் போல இன்னும் இரண்டு பேர் கட்டாயம் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

கத்தோலிக்கர்களுக்கு வழி சுலபம். சனிக்கிழமை மாலைத் திருப்பலியிலேயே ஞாயிறு கடன் நிறைவேறிவிடும்.

கேள்வி: என்னோட 400 கி.மீ. ஓட்டம் தவக்காலத்துல வருது. நாற்பது நாளும் ஒருசந்தி (ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு) இருப்பது எங்க வீட்டு வழக்கம். என்ன செய்யலாம்?

பதில்: நீண்ட ஓட்டத்தையும் உபவாசத்தையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் மணிக்குச் சுமார் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். உடம்பில் சேமித்த மாவுச்சத்தான கிளைக்கோஜன் தீர்ந்து ரத்தச் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், கண் இருட்டும், சம்பந்தமில்லாத கோபமும் அழுகையும் வரும். அதை ஆவிக்குரிய போராட்டம் என்று நினைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வாழைப்பழத்தில் போராட்டம் முடிந்துவிடும்.

திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி கட்டாயமாகிற நாட்கள் இரண்டுதான்: திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு. அந்த இரண்டு நாளையும் ஓய்வு நாளாக அட்டவணையில் குறித்துவிடுங்கள். மற்ற நாட்களில் வீட்டு வழக்கத்தைப் பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டு வேறுவிதமாக மாற்றிக்கொள்ளலாம். போன், சினிமா, புது சைக்கிள் சாமான் வாங்குவது. கடைசியாகச் சொன்னதுதான் நம்மவர்களுக்கு உண்மையான தபசு.

லெந்து நாட்களில் மாலை வரை உபவாசம் இருக்கிற மற்ற சபையாருக்கும் இதேதான். உபவாச நாளில் சைக்கிளைத் தொடாதீர்கள், அல்லது அரை மணி நேரத்தோடு நிறுத்துங்கள். தண்ணீர்கூடக் குடிக்காத உபவாசம் பயிற்சிக் காலத்தில் கூடவே கூடாது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம், நீண்ட ஓட்டம் இரண்டையும் தொடவேண்டாம்.

கேள்வி: ஐயா, போன 400-ல விடியக்காலம் மூணு மணி இருக்கும், ரோட்டோரமா வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர் நிக்கிறார். கிட்டப் போனா மைல்கல். அப்புறம் மரமெல்லாம் ஆளா தெரிஞ்சுது. இயேசுவின் ரத்தம் ஜெயம்னு கத்திக்கிட்டே ஓட்டினேன். இது பிசாசோட வேலையா? அடுத்தது 600. பயமா இருக்கு.

பதில்: இல்லை தம்பி, தூக்கம். இரவு முழுக்க ஓட்டுகிறவர்களில் நிறையப் பேருக்கு இது வரும். இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் உடம்பு தூங்கத்தான் பார்க்கும். கண் திறந்திருக்கும்போதே மூளை அரைக்கனவைக் கலந்துவிடும். மைல்கல்லும் மரமும் ஆளாகத் தெரிவது எச்சரிக்கை. அடுத்த கட்டம் சில விநாடி கண் அசந்து போவது. அதில்தான் உயிர் போகும்.

எலியாவின் கதையை இதற்காகவே படியுங்கள், 1 இராஜாக்கள் 19. ஓடிக் களைத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிடுகிறார். வந்த தூதன் பிரசங்கம் செய்யவில்லை, அவிசுவாசி என்று திட்டவும் இல்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கிறது. சாப்பிட்டார், குடித்தார், திரும்பப் படுத்தார். படுக்கவிட்டார்கள்! இரண்டாம் முறை எழுப்பித்தான், "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று சொல்லப்படுகிறது. அதற்குப் பிறகு நாற்பது நாள் நடந்தார். நெடுந்தூரக்காரனுக்கு வேதத்தில் இதைவிட நேரடியான ஆலோசனை எனக்குத் தெரியவில்லை.

ஆகவே 600-இல் மைல்கல் ஆளாகத் தெரிந்த உடனே இறங்குங்கள். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடமாகப் பார்த்து, பின்விளக்கு எரியட்டும், போனில் இருபது நிமிட அலாரம், ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் படுங்கள். படுக்கும்போது ஒரு வரி ஜெபம் போதும். எழுந்து எதையாவது சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். 40 மணி நேரத்தில் இரண்டு மூன்று மணி நேரத் தூக்கத்துக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்குங்கள். "தூங்காமல் முடித்தேன்" என்பது சாட்சி அல்ல.

கேள்வி: மழை வரக்கூடாதுன்னு ஜெபிக்கலாமா?

பதில்: தாராளமாக. ரெயின் ஜாக்கெட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். நீதியுள்ளவர் மேலும் அநீதியுள்ளவர் மேலும் மழை பெய்யும் என்று மத்தேயு 5-இல் தெளிவாகவே இருக்கிறது.

கேள்வி: உபவாசித்து ஜெபித்துத்தான் 300-க்குப் போனேன். 210-இல் முழங்கால் வலியும் கை மரத்துப்போனதும் சேர்ந்து நிறுத்திவிட்டேன். தேவசித்தம் இல்லையென்று எடுத்துக்கொண்டு இதை விட்டுவிடலாமா?

பதில்: தேவசித்தத்துக்குப் போகுமுன் சீட்டின் உயரத்துக்குப் போங்கள். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்பக்கம் என்றால் உயரம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்திருந்தால் உள்ளங்கை ஓரத்தில் ஓடுகிற நரம்பு நசுங்கியிருக்கிறது. ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்துங்கள், பிடியை அடிக்கடி மாற்றுங்கள். சில நாளில் மரப்பு போகாவிட்டால் டாக்டரைப் பாருங்கள்.

இதையெல்லாம் சரிசெய்து மறுபடியும் நின்றுபோனாலும், உங்கள் ஜெபம் கேட்கப்படவில்லை என்று ஆகாது. பவுல் தன் மாம்சத்திலே முள் என்று சொன்ன உபத்திரவம் நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் வந்தது. 210-இல் நிறுத்தி வீடு திரும்பியதற்கும் நன்றி சொல்லி ஜெபிக்கலாம்.

கேள்வி: அனாதைப் பிள்ளைகளுக்கு நிதி திரட்டும் ஓட்டம் இது. தினமும் வீடியோ போடச் சொல்கிறார்கள். பெருமை வந்துவிடுமோ என்று இருக்கிறது.

பதில்: நிதி திரட்டச் சொல்லித்தான் ஆக வேண்டும், அதில் தவறில்லை. பிள்ளைகளின் முகத்தைக் காட்டாதீர்கள், வரவு செலவைக் காட்டுங்கள். உங்கள் முகம் எவ்வளவு நேரம் வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜினோ பார்தாலி என்ற இத்தாலியர் 1938-லும் 1948-லும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஜெயித்தவர், பக்தியுள்ள கத்தோலிக்கர். இரண்டாம் உலகப்போரின்போது, பயிற்சி ஓட்டம் என்ற பெயரில், யூதர்களைக் காப்பாற்றும் போலி அடையாளச் சீட்டுகளை சைக்கிள் சட்டத்துக்குள் சுருட்டி ஒளித்துக்கொண்டு போனார். பிடிபட்டிருந்தால் உயிர் மிஞ்சியிருக்காது. போர் முடிந்த பிறகும் அதைப் பற்றி வெளியே பேசாமலே 2000-இல் இறந்தார். இஸ்ரேலில் உள்ள யூதப் படுகொலை நினைவகமான யாத் வஷேம் அவரை கௌரவித்தது 2013-இல். வீடியோ போடுமுன் அவரை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகன் 600 போகிறான், ஐயா. ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கம் வராது. எப்படி ஜெபிப்பது?

பதில்: அம்மா, கிளம்புமுன் அவனிடம் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: முன்னும் பின்னும் இரண்டிரண்டு விளக்கு, ஒளிரும் மேற்சட்டை, ஒவ்வொரு கன்ட்ரோலிலும் (வழியில் உள்ள சோதனை இடத்திலும்) ஒரு மெசேஜ். மெசேஜ் வரும்போது அடுத்த கன்ட்ரோல் வரைக்கும் சேர்த்து ஜெபித்துவிடுங்கள். நடுவில் போன் செய்யாதீர்கள், ஓட்டிக்கொண்டே எடுப்பான். 121-ஆம் சங்கீதத்தில் "உன்னைக் காக்கிறவர் உறங்கார்" என்று இருக்கிறதே, அவர் விழித்திருக்கும்போது நீங்கள் கொஞ்சம் தூங்கலாம்.

கேள்வி: சைக்கிள்காரர்களுக்குப் பாதுகாவலர் யாராவது உண்டா? ஓட்டத்துக்கு முன் சைக்கிளை மந்திரித்து (ஆசீர்வதித்து) கொள்ளலாமா?

பதில்: உண்டு. இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே கிசால்லோ குன்றில் மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் இருக்கிறது. அந்த மாதாவை 1949-இல் பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் (பயஸ்) சைக்கிள் ஓட்டிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். உள்ளே சுவரெல்லாம் வீரர்கள் காணிக்கை கொடுத்த சைக்கிள்களும் ஜெர்சிகளும். பார்தாலியுடையதும் இருக்கிறது.

மந்திரிப்பதைப் பங்குத்தந்தையிடம் கேளுங்கள், சந்தோஷமாகச் செய்வார். ஓட்டத்துக்கு முந்தின நாள் வேண்டாம், ஒரு வாரம் முன்னால் கொண்டுபோங்கள். அதற்குள் பிரேக் பேடும் செயினும் மாற்றி, மாற்றியதை ஒரு நூறு கி.மீ. ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.