ரைட்டுக்குக் கட்சி கிடையாது

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஏழெட்டுப் பேர், பிங்க் ஃப்ளாய்டு என்ற ஆங்கிலேய ராக் குழுவை விடாமல் கேட்பவர்கள். அவர்களுடைய ஆல்பங்களில் சிறந்தது எது என்று ஆறு மாதமாக எங்களுக்குள் விவாதம். நான் ‘விஷ் யூ வேர் ஹியர்’ என்றேன். ‘தி வால்’ புரியாதவன் ஃப்ளாய்டைப் பற்றிப் பேசவே கூடாது என்றார் ஒருவர். பேச்சு முற்றி, இரண்டு பேர் எங்களோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். உங்களுக்குப் பிடித்த ஐந்து ஆல்பங்களை வரிசைப்படுத்திச் சொல்ல முடியுமா? ‘அனிமல்ஸ்’ அளவுக்கு மீறிப் புகழப்படுகிறதா? இசைத்தட்டில் கேட்டால்தான் உண்மையான ஒலியா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இசைத்தட்டோ சிடியோ, கையில் இருப்பதில் கேளுங்கள். ‘அனிமல்ஸ்’ நல்ல ஆல்பம். இந்த இரண்டுக்கும் இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டு பேர் பேசுவதில்லை என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே என்னிடம் பட்டியல் கேட்கிறீர்கள். அதுதான் உறுத்தியது. ஒரே இசையில் மனதைக் கொடுத்த ஆட்கள் ஒருவருக்கு வாழ்க்கையில் எத்தனை பேர் கிடைப்பார்கள்? அவர்களை அனுப்பிவிட்டு வரிசையை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

உங்கள் சண்டை ஆல்பத்தைப் பற்றியதே இல்லை. ‘தி வால்’ என்று சொன்னவர், குழுவில் பாஸ் கிடார் வாசித்துப் பாட்டும் எழுதிய ரோஜர் வாட்டர்ஸின் கட்சி. நீங்கள் அனேகமாக டேவிட் கில்மோரின் கிடாருக்கு ஆள். 1985இல் வாட்டர்ஸ் பிரிந்தபோது அவர்களுக்குள் மூண்ட பகையை, ரசிகர்கள் ஆல்பங்களின் பெயரைச் சொல்லி இன்னமும் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். இந்த இரைச்சலில் கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட் யார் காதிலும் விழுவதில்லை. சில வாரங்களாக நான் அவரை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் அந்த நேரத்தில் வந்தது.

‘மெடில்’ ஆல்பத்தின் ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் ‘எக்கோஸ்’ எப்படித் தொடங்குகிறது? தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் ஒற்றைச் சொட்டு ஒலி. அது ரைட்டின் பியானோ. சுழலும் ஸ்பீக்கர் வழியாக அனுப்பப்பட்டது. ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தில் ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ அவர் மெட்டு. ‘அஸ் அண்ட் தெம்’ அவர் முதலில் ஒரு படத்துக்காகப் போட்டு, இயக்குநர் வேண்டாம் என்று தள்ளியது. ‘ப்ரீத்’ பாடலில் வரும் ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பத்திலிருந்து தான் எடுத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ராக் இசைக்குள் ஜாஸின் நிதானத்தைக் கொண்டுவந்து வைத்த ஆள். அவர் அடியில் விரித்துக் கொடுத்த இடத்தில்தான் கில்மோரின் கிடார் அவ்வளவு நிதானமாக நடக்கிறது. அதை எடுத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லவும் தேவையில்லை. 1983இல் வந்த ‘தி ஃபைனல் கட்’ ஆல்பத்தில் அவர் இல்லை. காதுள்ள யாருக்கும் அந்த வெற்றிடம் கேட்கும்.

‘தி வால்’ பதிவின்போது அவரைக் குழுவிலிருந்து வெளியேறச் சொன்னார்கள். அதன் பிறகும் அந்த ஆல்பத்தின் மேடை நிகழ்ச்சிகளில் சம்பளத்துக்கு வந்து வாசித்துக் கொடுத்தார். தான் கட்டிய வீட்டில் கூலிக்கு வேலை பார்ப்பது எப்படி இருந்திருக்கும்! உங்கள் நண்பர் ‘தி வால்’ ஆல்பத்தைக் கொண்டாடட்டும், தாராளமாக. இதையும் தெரிந்துகொண்டு கொண்டாடட்டும்.

சரி, என் கதையைச் சொல்கிறேன். விடுதியில் என் அறை நண்பன் 90 நிமிட கேசட் ஒன்றில் ஒரு பக்கம் ‘விஷ் யூ வேர் ஹியர்’, மறுபக்கம் ‘அனிமல்ஸ்’ பதிந்து வைத்திருந்தான். தேயத் தேயக் கேட்டோம். அவன் வாட்டர்ஸ் கட்சி. எந்த ஆல்பம் பெரியது என்ற பேச்சு ஒருநாள் ராத்திரி எங்கெங்கோ போய், சொல்லக்கூடாததைச் சொல்லிக்கொண்டோம். அப்புறம் பதினோரு வருஷம் பேசவில்லை. கேசட் என்னிடமே தங்கிவிட்டது.

பிறகு ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பத்தைச் சிடியில், ஹெட்போன் வைத்துக் கேட்டேன். ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்’ பாடலின் ஒன்பதாம் பகுதி. அது ரைட் தனியாகப் போட்டது. சவ ஊர்வலம்போல மெதுவாக நகரும். ஒலி தேய்ந்து மறையும் கடைசி நொடிகளில் அவர் சின்தசைசரில் சில சுரங்களை வாசிக்கிறார். ‘சீ எமிலி ப்ளே’. 1967இல், குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பாரெட் எழுதிப் பாடிய பாட்டு. மனம் சிதைந்து குழுவை விட்டுப் போன அந்த சிட்டைப் பற்றியதுதான் ‘ஷைன் ஆன்’. 1975 ஜூன் 5 அன்று, ஆல்பத்தின் வேலை நடந்துகொண்டிருந்த அபே ரோடு ஸ்டுடியோவுக்கு அவரே வந்து நின்றார். உடல் பருத்து, தலையும் புருவமும் மழித்து. கூட வாசித்தவர்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. அந்த சிட்டின் மெட்டை, யாரையும் கூப்பிட்டுக் காட்டாமல், கடைசியில் வைத்துவிட்டுப் போகிறார் ரைட்.

எங்கள் கேசட்டில் அந்த இடம் வெறும் இரைச்சல். அத்தனை வருஷம் கேட்டும் எங்கள் காதில் விழவில்லை.

அன்று ராத்திரியே நண்பனின் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். நலம்கூட விசாரிக்கவில்லை. போனை ஹெட்போனோடு ஒட்டிப் பிடித்து அந்த இடத்தை ஓடவிட்டேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. “இன்னொரு தடவ போடுடா” என்றான்.

ரைட் 2008 செப்டம்பரில் இறந்தபோது முதலில் எனக்குத் தகவல் சொன்னவன் அவன்தான்.

பட்டியல் நான் தரப்போவதில்லை. போன இரண்டு பேரையும் கூப்பிடுங்கள். வாதத்தை எடுக்காதீர்கள். ஒன்பதாம் பகுதியின் கடைசி நிமிடத்தைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.