சர்வர் சந்தேகங்கள்: கட்டிய மண்டபம் எங்கே போனது?

கேள்வி: மெய்நிகர் உலகங்களை நடத்தும் ஓப்பன்சிமுலேட்டர் என்ற சர்வர் மென்பொருளில் ஒரு ரீஜன், அதாவது ஒரு நிலப்பகுதி, நடத்துகிறேன். நேற்று மாலை நாலு பேர் சேர்ந்து ஒரு மண்டபம் கட்டினோம், எல்லாருக்கும் திரையில் நன்றாகத்தான் தெரிந்தது. இரவு சர்வரை ரீஸ்டார்ட் செய்ததும் பாதி மண்டபத்தைக் காணோம். அதற்கு முன் சர்வர் ஒரு முறைகூட நிற்கவில்லை, அப்புறம் எப்படி?

பதில்: அந்தப் பாதி மண்டபம் டேட்டாபேஸுக்குள் போகவே இல்லை. நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது சர்வரின் ரேமில், அதாவது தற்காலிக நினைவகத்தில், இருந்த உலகம். ஒரு பொருளை நகர்த்தியவுடன் ஓப்பன்சிமுலேட்டர் அதை எழுதிவிடாது. நீங்கள் கையை எடுத்த பிறகு 60 வினாடி பொறுத்துப் பார்க்கும், தொடர்ந்து மாற்றிக்கொண்டே இருந்தால் 600 வினாடி வரை தள்ளிப்போடும். ஒவ்வொரு இழுப்புக்கும் டேட்டாபேஸைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காக வைத்த இயல்பு அளவுகள் அவை.

ஆனால் 10 நிமிடத் தாமதம் ஒரு மாலைப் பொழுதை விழுங்காது. எழுதப் போன இடத்தில் பிழை வந்திருக்கிறது, டிஸ்க் நிரம்பியிருக்கலாம், இணைப்பு அறுந்திருக்கலாம். சர்வர் அந்தப் பிழையைப் பிடித்து, லாக்கில், அதாவது பதிவுக் கோப்பில், ஒரு வரி போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. நின்றுபோகும் சர்வரைவிட எனக்குப் பயம் இந்த மாதிரி ஓடும் சர்வரிடம்தான், ஏனென்றால் உள்ளே இருப்பவர்கள் நம்பிக் கட்டிக்கொண்டே போகிறார்கள்.

அடுத்த முறை லாக்கில் சேமிப்புப் பிழையைக் கண்டால் தயவுசெய்து ரீஸ்டார்ட் பக்கம் போகாதீர்கள். அந்த நேரத்தில் உங்கள் உலகத்தின் ஒரே முழுப் பிரதி ரேமில் இருப்பதுதான். முதலில் கன்சோலில், அதாவது சர்வருக்குக் கட்டளை தட்டும் திரையில், 'சேவ் ஓஏஆர்' கொடுத்து ரீஜனை ஓஏஆர் என்ற ஒரு கோப்பாக எடுங்கள், அதுவும் நிரம்பிப்போன அதே டிஸ்கில் இல்லாமல் வேறு டிஸ்கில். டெக்ஸ்சர் (மேற்பரப்புப் படம்), மெஷ் (முப்பரிமாண வடிவம்) எல்லாம் அவற்றைச் சேமித்துவைக்கும் அசெட் சேவையிலிருந்து வர வேண்டும் என்பதால், அந்த டேட்டாபேஸும் படுத்திருந்தால் சில அசெட் விடுபடும். எனவே டிஸ்கில் இடம் பண்ணிய பிறகு இன்னொரு ஓஏஆர் எடுங்கள். 'பேக்கப்' என்றொரு கட்டளை இருக்கிறது, எழுதாமல் காத்திருக்கும் மாற்றங்களை உடனே எழுதும்; அதையும் கொடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், மாறியதாகக் குறி இருப்பவற்றைத்தான் அது தொடும். ஓஏஆர் ரீஜனில் இருப்பதையெல்லாம் எடுக்கும். திரும்ப ஏற்றும்போது மட்டும் கவனம்: 'மெர்ஜ்' சேர்க்காமல் 'லோடு ஓஏஆர்' கொடுத்தால் ரீஜனில் ஏற்கெனவே இருக்கும் பொருள்களை அது அழித்துவிட்டுத்தான் ஏற்றும்.

கேள்வி: சொந்தமாக ஒரு சிறிய மெய்நிகர் உலக சர்வர் எழுதுகிறேன். சேமிப்பில் பிழை வந்தால் நிறுத்திவிடலாமா, தொடர விடலாமா?

பதில்: என்ன பிழை என்று பிரித்துப் பாருங்கள். இணைப்பு அறுந்தது தற்காலிகம். மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் சும்மா கிடக்கும் இணைப்பை இயல்பாக 28,800 வினாடியில், அதாவது 8 மணி நேரத்தில், தானே துண்டித்துவிடும். இரவெல்லாம் ஆளில்லாத உலகத்தில் காலையில் வரும் முதல் மாற்றம் இதில்தான் மாட்டும். மறுபடி இணைந்து எழுதினால் சரியாகிவிடும். பொருளின் பெயர் நீளமாகி டேட்டாபேஸில் அதற்கு ஒதுக்கிய இடத்தில் அடங்கவில்லை என்பது வேறு, நூறு முறை முயன்றாலும் அதே பிழைதான். அந்த ஒரு பொருளை மட்டும் தனிக் கோப்பில் ஒதுக்கிவிட்டு மற்றவற்றை எழுதுங்கள், ஒன்றுக்காக வரிசை முழுவதும் நிற்க வேண்டாம்.

இன்னொன்று, பலர் சறுக்கும் இடம் இது: 'மாறியது' என்ற குறியை எழுதப் போகும் முன்பே எடுத்துவிடுகிறார்கள். எழுத்து தோற்றால் அந்தப் பொருள் மாறியதே சர்வருக்கு மறந்துபோகும். கமிட் ஆன பிறகுதான், அதாவது எழுதியது டேட்டாபேஸில் உறுதியான பிறகுதான், குறியை எடுக்க வேண்டும். அதிலும் எழுதிக்கொண்டிருக்கும்போதே யாராவது அதை மீண்டும் நகர்த்தியிருக்கலாம், அதனால் வெறும் ஆம்/இல்லை குறியைவிட ஒரு பதிப்பு எண் வைத்து, எழுதிய எண்ணும் இப்போதைய எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது நல்லது. 40 பாகங்கள் கொண்ட நாற்காலியை ஒரே டிரான்சாக்‌ஷனில் எழுதுங்கள், எழுதினால் முழுதும், தோற்றால் ஒன்றுமே இல்லை என்பது அதன் விதி; அப்படிச் செய்யாவிட்டால் கால் இல்லாத நாற்காலி கிடைக்கும். நாலைந்து முயற்சியும் தோற்றால் உள்ளே இருப்பவர்கள் திரையில் ஓர் அறிவிப்பு போட்டு, கட்டும் வேலையைப் பூட்டிவிடுங்கள். நடக்கட்டும், பேசட்டும், கட்ட மட்டும் வேண்டாம்.

கேள்வி: சிறிய படங்கள் ஏறுகின்றன, பெரிய மெஷ் மட்டும் 'பாக்கெட் டூ லார்ஜ்' என்று விழுகிறது.

பதில்: மைஎஸ்க்யூஎல்லின் 'மேக்ஸ் அலவ்ட் பாக்கெட்' அளவுதான் காரணம், ஒரே தடவையில் அனுப்பக்கூடிய தரவின் உச்சவரம்பு அது. 5.5 பதிப்பில் இயல்பாக 1 எம்பிதான், 8.0-இல் 64 எம்பி. பழைய சர்வர் என்றால் அதைக் கூட்டி டேட்டாபேஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விழுந்த மெஷ் தானாக வராது, மறுபடி ஏற்ற வேண்டும்.

கேள்வி: எஸ்க்யூலைட்டில் அடிக்கடி 'டேட்டாபேஸ் இஸ் லாக்ட்' வருகிறது.

பதில்: எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் ஒரு கோப்பில் இருக்கும், அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். வேறு ஏதாவது கருவியில் அதே கோப்பைத் திறந்துவைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஓடும் சர்வரின் கோப்பை அப்படியே காப்பி எடுத்து பேக்கப் என்று வைத்திருந்தால் அதையும் ஒரு முறை 'இன்டெக்ரிட்டி செக்' (கோப்பு சிதையாமல் இருக்கிறதா என்ற சோதனை) போட்டுப் பார்த்துவிடுங்கள், எழுத்து நடக்கும்போது எடுத்த காப்பி உடைந்திருக்க வாய்ப்பு உண்டு. ஆள் கூடும் ரீஜன் என்றால் மைஎஸ்க்யூஎல்லுக்கோ மரியாடிபிக்கோ மாறிவிடுங்கள்.