இருமல் சிரப்பில் கெல்ப் சாறு ஊற்றலாமா?

டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “ஆடாதோடை, துளசி, இஞ்சி போட்டு இருமல் சிரப் காய்ச்சுகிறேன். சோடியம் பென்சோயேட்டை விட்டுவிட்டுக் கெல்ப் கடற்பாசிச் சாறு சேர்த்தால் கெடாமல் இருக்குமா? லிட்டருக்கு எவ்வளவு?”

லிட்டருக்கு இத்தனை மில்லி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் நம் மேற்குக் கரையின் குளிர்நீரில் வளரும் கெல்ப் வகையான எக்லோனியா மாக்சிமாவில் ஃப்ளோரோடானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. அது கிருமிகளின் புரதத்தைப் பிடித்து முடக்கும். ஆனால் பருவத்துக்குப் பருவம் அதன் அளவு மாறும். போதாததற்கு, அதே சாற்றில் மானிட்டால், லாமினாரின் என்ற சர்க்கரை வகைப் பொருள்களும் உண்டு. அவை கிருமிகளுக்குத் தீனி.

இந்த டானின், ஆடாதோடையின் மருந்துப் பொருளான வாசிசினோடு சேர்ந்து வண்டலாக இறங்கவும் கூடும். அதை வடிகட்டினால் மருந்தே போய்விடும். கெல்ப்பில் அயோடினும் மிகுதி. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும், தைராய்டு நோயாளிகளுக்கு மிகுதியானால் ஆபத்து. நர்சரியில் கிடைக்கும் கெல்ப் திரவம் செடிக்கான உரம், வாயில் வைக்கவே கூடாது.

உங்கள் சிரப்பைக் காப்பது முதலில் சர்க்கரைதான். 333 கிராம் வடிகட்டிய கஷாயத்துக்கு 667 கிராம் சர்க்கரை. சூட்டோடு ஊற்றி மூடினால் ஆவி மூடியில் வேர்த்து மேற்பரப்பில் சொட்டும்; அந்த மெல்லிய படலம் மட்டும் நீர்த்துப்போகும், பூசணம் அங்கேதான் பிடிக்கும். சுத்தமான துணி போர்த்தி ஆறவிட்டு, கொதிநீரில் 10 நிமிடம் போட்டு ஈரமில்லாமல் காயவைத்த 100 மில்லி பாட்டில்களில் நிரப்புங்கள்.

பாட்டிலைத் திறந்து திறந்து மூடுவதால் பென்சோயேட்டும் வேண்டும்: லிட்டருக்கு 1 கிராம். (கிரான்பெரிப் பழத்திலேயே பென்சோயிக் அமிலம் இருக்கிறது, பெயரைக் கண்டு மிரள வேண்டாம்.) பிஎச் (புளிப்பின் அளவு; எண் குறைந்தால் புளிப்பு கூடும்) 4.2-இல் பென்சோயேட்டில் பாதிதான் வேலை செய்யும் வடிவில் இருக்கும். 6-இல் 2 சதவீதம்கூட இராது. எனவே முதலில் பென்சோயேட்டைச் சிறிது நீரில் கரைத்துக் கலந்து, ஆறியபின் சிட்ரிக் அமிலத்தால் பிஎச்சை 4-க்குக் கொண்டுவாருங்கள். வரிசை மாறினால் பென்சோயிக் அமிலம் செதிலாகப் பிரியும். நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ப்பதானால் பென்சோயேட் வேண்டாம்: வைட்டமின் சியோடு சேர்ந்து பென்சீன் உண்டாகலாம். அதற்குப் பதில், கெடாமல் காக்கும் இன்னொரு பொருளான பொட்டாசியம் சார்பேட் போடுங்கள்.

விற்பதானால் தென்னாப்பிரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாப்ராவின் (SAHPRA) விதிகளைப் பாருங்கள். கெல்ப்பில்தான் மனம் நிற்கிறது என்றால், ஆய்வகத்தில் 28 நாள் சோதனைக்குக் கொடுங்கள், ஈ.கோலி, சூடோமோனாஸ், கேண்டிடா முதலிய கிருமிகளை வேண்டுமென்றே கலந்து, எண்ணிக்கை குறைகிறதா என்று பார்ப்பார்கள். கெல்ப் சேர்க்காத அதே சிரப்பையும் உடன் அனுப்புங்கள். அதுவும் தேறிவிட்டால், காத்தது சர்க்கரைதான்.