ஒரு சீட்டுக்கு இரண்டு துண்டு

அன்புள்ள ஐயா,

2021 ஜூன் முதல் வாரத்தில் என் அப்பாவுக்குக் கொரோனா வந்தது. 71 வயது, சர்க்கரையும் உண்டு. மூச்சுத்திணறல் எதுவும் இல்லை, ஆனாலும் எங்கள் ஊர்த் தனியார் மருத்துவமனையில் 'ஆன்டிபாடி காக்டெய்ல்' போட்டுவிடலாம் என்றார்கள். ஒருவருக்கு 59,750 ரூபாய். ஒரு பெட்டி இரண்டு பேருக்கு என்பதால், இன்னொரு நோயாளியின் வீட்டாரோடு பேசி ஆளுக்குப் பாதியாக வாங்கினோம். "ரெண்டு மருந்து இருக்கு, டபுள் பவர்" என்றார் அங்கிருந்தவர். ஏழு மாதம் கழித்து அம்மாவுக்கு வந்தபோது, அதே இடத்தில் "அது இப்போ வேலை செய்யாது" என்கிறார்கள். ஒன்று போனால் இன்னொன்று இருக்கும் என்றுதானே இரண்டைக் கலந்தார்கள்? இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் படுத்தன? எம்.எஸ்ஸி. படிக்கும் என் தம்பி, சில ஆன்டிபாடிகள் வைரஸுக்கே ஒத்தாசை செய்யும் என்று வேறு பயமுறுத்துகிறான். உங்கள் பழைய கட்டுரையில் 'ஆன்டிபாடி போய் முள்ளை அடைத்துவிடும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

செ., நாமக்கல்

அன்புள்ள செ.,

அந்த ஒரு வரிக்கு முதலில் மன்னிப்பு. ஆன்டிபாடி என்பது கிருமியில் போய் ஒட்டிக்கொள்ள நம் உடம்பு செய்யும் புரதம், அதையே மருந்தாகவும் செய்து போடலாம். 'அடைத்துவிடும்' என்று எழுதினால் குழாயில் துணி அடைப்பது போலத்தான் தோன்றும், அதிகம் அடைத்தால் அதிகப் பலன் என்றும் தோன்றும். விஷயம் அப்படி இல்லை. எத்தனை ஆன்டிபாடி என்பதைவிட எது எங்கே ஒட்டுகிறது, பக்கத்தில் இன்னொன்று ஒட்ட இடம் விடுகிறதா என்பதுதான் முக்கியம்.

வைரஸின் மேலே இருக்கும் ஸ்பைக் என்ற முள், மூன்று ஒரே மாதிரிப் புரதங்கள் பின்னிக்கொண்டு நிற்பது. மூன்றுக்கும் உச்சியில் ஆளுக்கொரு தலை உண்டு. அந்தத் தலை சில நேரம் படுத்திருக்கும், சில நேரம் நிமிரும். நிமிர்ந்த தலைதான் நம் செல்லின் மேலுள்ள ஏஸ்-2 என்ற புரதத்தைப் பிடிக்கும், பிடித்தால் உள்ளே நுழைய வழி கிடைக்கும். தலையில் ஏஸ்-2 வந்து உட்காரும் பரப்பை ஒரு பஸ் சீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில ஆன்டிபாடிகள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பவை. அவை சீட்டிலேயே விழுவதால் ஏஸ்-2க்கு இடம் இல்லை. அதிலும் சில, தலை நிமிர்ந்தால் மட்டுமே ஒட்டும். சில படுத்த தலையிலும் ஒட்டும். வேறு சில சீட்டைத் தொடாமல் விலாப்பக்கம் ஒட்டும். இன்னும் சில, தலை நிமிரும்போது மட்டும் வெளியே தெரிகிற அடிப்பக்க மறைவிடத்தைத் தேடிப் போகும். இப்படி நான்கு வகையாகப் பிரித்தவர்கள் கலிபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் பமீலா பியோர்க்மனோடு வேலை செய்த கிறிஸ்டோபர் பார்ன்ஸ் குழுவினர், 2020இல். சீட்டைத் தொடாதவை சோப்ளாங்கிகள் என்று நினைத்துவிடாதீர்கள். சோட்ரோவிமாப் என்ற மருந்து, 2003இல் பரவிய சார்ஸ் என்ற நோயில் (அதுவும் கொரோனா குடும்பத்து வைரஸ்தான்) பிழைத்த ஒருவரின் ரத்தத்திலிருந்து கிடைத்த ஆன்டிபாடியை வைத்து உருவானது, அது சீட்டுக்கு வெளியே ஒட்டித்தான் வைரஸை முடக்கியது.

இப்போது 'டபுள் பவர்' கணக்குக்கு வருவோம். நூறு வைரஸில் ஐம்பதை முடக்கும் அளவுக்கு ஒரு ஆன்டிபாடி போட்டிருக்கிறோம். அதே ஆன்டிபாடியை இரட்டிப்பாக ஊற்றினால் நூறும் போய்விடாது, எளிய கணக்கில் சுமார் 33 மிஞ்சும். ஒரே சீட்டில் விழும் வேறொரு ஆன்டிபாடியை, அதே வலிமையில், சேர்த்தாலும் ஏறக்குறைய அதே கதைதான், ஒரு சீட்டுக்கு இரண்டு துண்டு. இரண்டாவது சோப்ளாங்கியாக இருந்தால் நல்லதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு கெடுதலும் செய்யலாம். ஆனால் இரண்டும் வேறு வேறு இடத்தில் ஒட்டி, ஒன்றையொன்று சட்டை செய்யாமல் தன் வேலையைப் பார்த்தால், முதலாவது 50 மிச்சம் வைக்கிறது, இரண்டாவது அதில் பாதியை எடுக்கிறது, 25 மிஞ்சும். 25க்கும் கீழே போனால்தான் இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன என்று சொல்ல முடியும். கைகொடுப்பது எப்படி? ஒன்று ஒட்டியதால் தலை மறுபடி படுக்க முடியாமல் நின்றுவிட்டால், மறைவிடம் தேடும் இன்னொன்றுக்கு வழி திறந்துவிடும், அது ஒரு வாய்ப்பு.

அப்பாவுக்குப் போட்ட காக்டெய்லில் இருந்தவை காசிரிவிமாப், இம்டெவிமாப். முதலாவது சீட்டில் விழும் துண்டு, இரண்டாவது பக்கவாட்டில் ஒட்டுவது. இரண்டும் ஒரே தலையில் ஒரே நேரத்தில் இடிக்காமல் உட்காரும், அப்படிப் பார்த்துத்தான் ஜோடி சேர்த்தார்கள். பலத்தை இரட்டிப்பாக்குவது முதல் நோக்கம் இல்லை. சோதனைக்கூடத்தில் ஒரே ஒரு ஆன்டிபாடியோடு வைரஸை வளரவிட்டால் அது சீக்கிரமே ஒரு இடத்தை மாற்றிக்கொண்டு தப்பிவிடும். இரண்டு இடத்தில் பிடி இருந்தால் தப்பிக்க இரண்டு இடமும் ஒரே நேரத்தில் மாற வேண்டும், அது அபூர்வம். இதை 2020லேயே காட்டினார்கள். பாம்லானிவிமாப் என்று தனியாகக் கொடுத்த மருந்துக்கு அமெரிக்காவில் 2020 நவம்பரில் அனுமதி கிடைத்து, 2021 ஏப்ரலிலேயே அந்த அனுமதி போனதும் இதனால்தான்.

அபூர்வம் நடந்துவிட்டது, அவ்வளவுதான். 2021 நவம்பரில் வந்த ஒமிக்ரானுக்கு அந்தத் தலையில் மட்டும் ஏறக்குறைய 15 மாற்றங்கள். ஸ்பைக் புரதம் அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு சங்கிலி, ஒவ்வொரு மணிக்கும் ஒரு எண் உண்டு. காசிரிவிமாப் பிடிக்கும் இடத்தில் 417, 484ஆம் இடங்களும், இம்டெவிமாப் பிடிக்கும் பக்கத்தில் 440, 446ஆம் இடங்களும் மாறியிருந்தன. இரண்டு பூட்டையும் ஒருவன் ஒரே ராத்திரியில் மாற்றிவிட்ட மாதிரி. அம்மாவுக்கு வந்த 2022 ஜனவரியில் அமெரிக்காவிலும் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தினார்கள். அந்த மருத்துவமனை இரண்டாம் முறை சொன்னது சரிதான். முதல் முறை சொன்ன 'டபுள் பவர்'தான் தப்பு.

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த ஜோடி வேறொன்று. சி.ஆர். 3014, சி.ஆர். 3022 என்று பெயர். (ரயில் நம்பர் மாதிரி இருக்கிறது, என்ன செய்வது.) நெதர்லாந்தில் க்ரூசெல் என்ற நிறுவனத்தார் 2006இல், பழைய சார்ஸ் வைரஸுக்கு எதிராகச் சேர்த்துப் பார்த்தவை. 3022 சிங்கப்பூரில் சார்ஸ் வந்து குணமான ஒருவரிடமிருந்து கிடைத்தது. 3014 சீட்டில் விழுவது, 3022 வேறு இடம். இரண்டையும் சேர்த்தபோது கூட்டுக்கணக்கைவிட நன்றாக முடக்கின, 3014இடமிருந்து தப்பிய வைரஸையும் 3022 பிடித்தது. நல்ல ஜோடி, ஆனால் சார்ஸ் அதற்குள் ஓய்ந்திருந்தது. அப்புறம் 2020இல் புது வைரஸ் வந்ததும் இவற்றை எடுத்துப் பார்த்தார்கள். நட்சத்திரமான 3014 ஒட்டவே இல்லை. துணைக்கு வந்த 3022 ஒட்டியது! ஆனால் ஒட்டியும், கலிபோர்னியாவில் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனக் குழு செய்த சோதனையில் வைரஸை முடக்கவில்லை. வேறு முறையில் சோதித்த இன்னொரு குழுவுக்கு முடக்குவதாகத் தெரிந்தது, சோதிக்கும் விதமே விடையை மாற்றிவிடும் துறை இது. 3022 தேடும் இடம் அந்த மறைவிடம். மூன்றில் இரண்டு தலையாவது நிமிர்ந்து கொஞ்சம் திரும்பினால்தான் கிட்டும். தவிர, பழைய வைரஸில் 384ஆம் இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் இருந்தது, புதியதில் புரோலின் என்ற வேறொன்று. அந்த ஒன்றை மட்டும் பழையபடி அலனினாக மாற்றிப் பார்த்தபோது 3022 மறுபடி முடக்க ஆரம்பித்தது. ஒட்டுவது வேறு, முடக்குவது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

தம்பி சொன்னது பொய் இல்லை. ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்தில் ஹிசாஷி அராசே குழு 2021இல் கண்டது அது. ஸ்பைக்கின் பக்கத்துப் பகுதியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் சில ஆன்டிபாடிகள் ஒட்டும்போது தலை நிமிர்ந்து ஏஸ்-2ஐப் பிடிப்பது சுலபமாகிறது. நம் ஆளே வைரஸுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல. ஆனால் அது செல் வளர்க்கும் தட்டில் பார்த்தது, ஒருவர் உடம்பில் எத்தனையோ வகை ஆன்டிபாடி கலந்து ஓடும்போது அந்தக் கணக்கை அப்படியே தூக்கிப் பொருத்த முடியாது. இதை வைத்துத் தடுப்பூசி வேண்டாம் என்று தம்பி ஆரம்பித்தால் காதைத் திருகுங்கள்.

இன்னொன்றை விட்டுவிட்டேன். ஆன்டிபாடிக்கு இரண்டு கை. ஒரு கை நழுவினாலும் மற்றது பிடித்திருக்கும், அதற்குள் நழுவிய கை மறுபடி பிடித்துவிடும். கைகளை வெட்டித் தனித்தனியாகச் சோதித்தால் பல ஆன்டிபாடிகளின் வலிமை சடாரென்று இறங்கிவிடுகிறது. ஃப்ளூ வைரஸில் முட்கள் நூற்றுக்கணக்கில் நெருக்கமாக இருக்கும், கொரோனாவில் ஒன்றுக்குச் சராசரியாக 25 போலத்தான். ஆனால் முள்ளின் தண்டில் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மாதிரி மூன்று இடத்தில் வளைவு உண்டு, எல்லாம் காற்றில் ஆடும் நாணல் போல அசைந்துகொண்டே இருக்கும். ஆக ஆன்டிபாடியின் இன்னொரு கை அதே முள்ளின் அடுத்த தலையை எட்டுமா, பக்கத்து முள்ளை எட்டுமா என்பதும் சேர்ந்தே அதன் பலத்தைத் தீர்மானிக்கிறது.

2021 ஜூனில் இங்கே பெரும்பாலும் டெல்டா. அதன்மேல் அந்தக் காக்டெய்ல் வேலை செய்தது, வயதும் சர்க்கரையும் உள்ளவருக்கு ஆரம்பத்திலேயே கொடுத்ததும் சரியான சமயம்தான், எனவே பணம் வீணென்று வருந்த வேண்டாம். அது இல்லாமலே அப்பா தேறியிருப்பாரா என்று கேட்டால், தனி ஒருவர் விஷயத்தில் யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பெட்டியின் மறுபாதியைப் போட்டுக்கொண்டவர் என்ன ஆனார் என்று நீங்கள் எழுதவே இல்லையே?